எண்ணுகிறாள், ஆனால் ‘எத்தனை’ என்றால் முழிக்கிறாள்

மகளுக்கு நாலே கால் வயது, எல்கேஜி. ஊர் திருநெல்வேலி. இருபது வரை மடமடவென்று ஒப்பிப்பாள். தட்டில் ஐந்து பணியாரம் வைத்தால் விரல் வைத்துச் சரியாகவே எண்ணுகிறாள். “அப்போ மொத்தம் எத்தனை?” என்றால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள். மூணு ஸ்பூன் கேட்டால் கை நிறைய அள்ளி வருகிறாள். பள்ளி திறந்ததிலிருந்தே இப்படித்தான்.

மாடிப்படி எண்ணுவது, ஆளுக்கொரு தட்டு வைப்பது, ஆச்சியோடு பல்லாங்குழி எல்லாம் பார்த்தாச்சு. குழிக்கு ஒரு சோழியாகப் போடுவது அழகாக வருகிறது. கையில் எத்தனை மிச்சம் என்றால் பதில் இல்லை. எழுதிப் பழகும் நோட்டு மட்டும் வேண்டாம், பள்ளியிலேயே அது போதும் போதும் என்றாகிவிட்டது.

கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதை வீட்டு வேலையோடு புரியவைக்க, உங்கள் பிள்ளைகளுக்கு எது கைகொடுத்தது?