பொருள்: டெப்ரிஸ் ஃப்ளோ – தமிழில் என்ன? (கலைச்சொல் விவாதம்)

கடலூரிலிருந்து, நிலவியல் ஆய்வாளர்:

அனைவருக்கும் வணக்கம். மலைச்சரிவு ஆபத்து வரைபடங்களுக்கான சொற்பட்டியலில் டெப்ரிஸ் ஃப்ளோ, அதாவது கல்லும் மண்ணும் நீரும் ஒன்றாகக் கலந்து ஓடை வழியே பாய்ந்து இறங்குவது, மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறது. நாளிதழ்கள் நிலச்சரிவு, மண்சரிவு இரண்டில் கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிடுகின்றன. அவற்றுக்கு 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நடந்ததும் நிலச்சரிவுதான். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை அடிவாரத்தில் வீடுகள் புதைந்ததும் நிலச்சரிவுதான். வயநாட்டில் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் உடைந்தது, புன்னப்புழை ஆற்றின் வழியே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடியது. திருவண்ணாமலையில் அடிபட்டவை மலையை ஒட்டியிருந்த வீடுகள். யார் யார் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற கணக்கே இரண்டிலும் வேறு. மலை கண்ணில் படாத தூரத்தில் ஓடையோரம் இருப்பவருக்கு 'நிலச்சரிவு எச்சரிக்கை' என்று சொன்னால் தனக்கில்லை என்றுதான் நினைப்பார்.

மலையாளத்தின் உருள்பொட்டலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. அங்கே பொட்டல் என்றால் உடைதல்; நமக்கோ வெறும் தரிசு நிலம். ஒத்துவராது.

புதுச்சேரியிலிருந்து, நீரியல் பொறியாளர்:

ஐயா, என் முன்மொழிவு: கற்சேற்றுப் பெருக்கு.

இது தண்ணீர் மண்ணைச் சுமந்து வருவதல்ல. தண்ணீரும் மண்ணும் கல்லும் ஒரே உடலாக நகர்வது. கன அளவில் பாதியோ அதற்கு மேலுமோ திடப்பொருள் இருக்கும். ஒரு கன மீட்டர் கலவை 2 டன் அளவுக்கு எடை வரும். பெரிய பாறைகள் மூழ்காமல் முன்னுக்கு வந்து முகப்பாகத் திரளும். பின்னால் நீர்த்த சேறு தள்ளும். ஒரே தடவையில் முடியாமல் அலை அலையாக வரும். முதல் அலை போனதும் ஆற்றில் இறங்கித் தேடுபவர்கள் அடுத்த அலையில் சிக்குவதற்கு அதுதான் காரணம்.

'பெருக்கு' என்பதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. மேலே உடைந்தது சிறிதாக இருந்தாலும், போகிற வழியில் ஓடைப் படுகையையும் கரையையும் அரித்து வாரிக்கொண்டு பல மடங்காகப் பெருகும். ஓடும் தூரத்தைக் கணிப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்: உடைந்த இடத்தின் கன அளவை மட்டும் கணிப்பு மாதிரியில் போட்டுவிட்டு, வழியில் வாரியதை விட்டுவிடுவார்கள். ஆபத்து எல்லைக் கோடு ஊருக்கு மேலேயே நின்றுவிடும்.

கடலூரிலிருந்து, நிலவியல் ஆய்வாளர்:

> என் முன்மொழிவு: கற்சேற்றுப் பெருக்கு

பொருள் நன்றாகப் பிடிபடுகிறது, அம்மா. ஆனால் இந்தச் சொல் தனியாக வாழப்போவதில்லை. 1978இல் வார்னெஸ் என்ற நிலவியலாளர் நிலச்சரிவு வகைகளுக்குப் போட்ட அட்டவணையில் ஒரு பக்கம் பொருள்: பாறை, டெப்ரிஸ், எர்த். மறுபக்கம் நகர்வு: விழுதல், கவிழ்தல், சறுக்கல், பரவல், பாய்வு. இரண்டையும் சேர்த்தால்தான் வகையின் பெயர் வரும். 2014இல் ஹங்கர் குழுவினர் அதை 32 வகைகளாகத் திருத்தியபோதும் இந்த முறையை விடவில்லை. ஆகவே டெப்ரிஸுக்கு நாம் வைக்கும் சொல் பாய்வோடு மட்டுமல்ல, சறுக்கலோடும் வீழ்ச்சியோடும் பொருந்த வேண்டும். 'கற்சேற்றுச் சறுக்கல்' பொருந்தாது. சறுக்கும் நேரத்தில் அது சேறாகவே இருக்காது, காய்ந்த கல்லும் மண்ணுமாகக்கூட வரலாம்.

வார்னெஸின் வரையறை சுலபமானது. துகள்களில் 20 முதல் 80 விழுக்காடு 2 மில்லிமீட்டரை விடப் பெரிதாக இருந்தால் டெப்ரிஸ். 80 விழுக்காடோ அதற்கு மேலோ அதைவிடச் சிறிதாக இருந்தால் எர்த். அதாவது கல்லும் மண்ணும் கலந்தது ஒன்று, மண்ணே பெரும்பகுதியானது இன்னொன்று. ஆகவே: பாறை, கல்மண், மண். பாய்வைச் சேர்த்தால் கல்மண் பாய்வு, மண் பாய்வு.

இடிபாடு என்பதைத் தொடக்கத்திலேயே ஒதுக்கினேன். அது இடிந்த வீட்டைத்தான் நினைவூட்டும். சிதைகூளம் விண்வெளிக்காரர்களிடமே இருக்கட்டும்.

புதுச்சேரியிலிருந்து, தமிழாசிரியர்:

கல் + மலை கன்மலை ஆவதுபோல் கல் + மண் கன்மண் என்றுதான் புணர வேண்டும். கல்மண் என்று எழுதினால் இலக்கணம் கேட்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று: 'சரிவு' நமக்கு சாய்வான நிலத்தையும் குறிக்கும், நிலம் விழுவதையும் குறிக்கும். 'சரிவின் மேல் சரிவு ஏற்பட்டது' என்று அறிக்கையில் வந்தால் என்ன புரியும்? நிலத்துக்குச் சாய்வு, நகர்வுக்குச் சறுக்கல் என்று பிரித்துவிட்டு, நிலச்சரிவைப் பொதுப்பெயராக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூரிலிருந்து, நிலவியல் ஆய்வாளர்:

சரிவு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், ஐயா. கன்மண்ணை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. கல்மண்டபத்தை யாரும் கன்மண்டபம் என்று சொல்வதில்லை; 'கல்லும் மண்ணும்' என்று காதுக்கு உடனே கேட்க வேண்டும். எச்சரிக்கையைப் படிப்பவர் அதை இரண்டாவது முறை படித்துப் பார்க்க மாட்டார்.

புதுச்சேரியிலிருந்து, நீரியல் பொறியாளர்:

கல்மண்ணுக்கு என் சம்மதம். பெருக்கை முழுதாக விட மனமில்லாததால், வழியில் வாரிக்கொண்டு அளவு கூடுவதற்கு 'கல்மண் பெருக்கம்' என்று வைத்துக்கொள்கிறேன். துணைச்சொற்கள்: முகப்பு, தொடரலை, பாய்தூரம். பாய்வு இருபுறமும் ஒதுக்கிவிட்டுப் போகும் வரப்பு போன்ற மேட்டுக்கு 'கரைமேடு', ஓடை சமவெளியில் விரியும் இடத்தில் படிவதற்கு 'விசிறிமேடு'. ஓடையில் அடங்காமல் திறந்த சாய்வில் அகலமாக இறங்குவதை, அதாவது டெப்ரிஸ் அவலாஞ்சை, 'கல்மண் பெருஞ்சரிவு' எனலாமா?

வளைவு ஒன்று இருந்தால், நடந்து முடிந்த பாய்வின் வேகத்தைக் கணக்கிடலாம். வெளிக்கரையில் சேற்றுத்தடம் உள்கரையை விட எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். அதை வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கி, பாய்வின் அகலத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வேகம். அகலம் 20 மீட்டர், ஆரம் 60 மீட்டர், உயர வேறுபாடு 3 மீட்டர் என்றால் நொடிக்கு 9.4 மீட்டர், அதாவது மணிக்கு 34 கிலோமீட்டர் அளவு. வளைவின் வெளிப்புறம் பாறை துருத்திக்கொண்டிருந்தால் தடம் செயற்கையாக உயர்ந்து வேகம் கூடுதலாகக் காட்டும். அந்த இடத்தை எடுக்கக் கூடாது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் கன மீட்டருக்கு 2 டன் அடர்த்தியுள்ள கலவை சுவரில் மோதினால், பாறை தனியாக இடிப்பதைச் சேர்க்காமலே, சதுர மீட்டருக்கு சுமார் 20 டன் எடைக்கு ஈடான அழுத்தம். வெள்ளத்துக்குக் கட்டிய தடுப்புச் சுவர் இதற்கு நிற்காது.

கடலூரிலிருந்து, கல்லூரி மாணவர்:

ஐயா, கேப்பர் மலையில் மழைக்குப் பிறகு செம்மண் ஓடைகளின் சுவர் இடிந்து, அடியில் சேறு பரவுகிறதே, அதையும் கல்மண் பாய்வு என்று குறிக்கலாமா? ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் பெய்ததே?

கடலூரிலிருந்து, நிலவியல் ஆய்வாளர்:

குறிக்கக் கூடாது, தம்பி. மழை இருந்தால் மட்டும் போதாது. 1980இல் கேன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட உலகளாவிய மழை எல்லைக்கோட்டின்படி 24 மணி நேரத்தில் சுமார் 100 மில்லிமீட்டர் பெய்தாலே ஆழமில்லாத சறுக்கலும் கல்மண் பாய்வும் தொடங்கலாம். ஆனால் அந்தக் கோடு செங்குத்தான மலைச் சாய்வுகளுக்கானது. பாய்வு பிறக்கப் பொதுவாக 25 பாகைக்கு மேற்பட்ட சாய்வும், தளர்ந்த பொருளும், கீழே இறங்க ஓடையும் வேண்டும். கேப்பர் மலை தாழ்ந்த கடலூர் மணற்கல் மேடு. அங்கே நடப்பது, அடி அரிக்கப்பட்ட செங்குத்துச் சுவர் பெயர்ந்து விழும் 'மண் வீழ்ச்சி'. அடியில் பரவுவது ஓடும் நீர் கொண்டுவந்த வண்டல்.

சந்தேகம் வந்தால் படிவில் ஒரு மீட்டர் குழி எடுத்துச் சுவரைப் பாருங்கள். மணல் அடுக்கடுக்காக, துகள்கள் அளவு வாரியாகப் பிரிந்திருந்தால் வெள்ளம். பெரிய கற்கள் ஒன்றையொன்று தொடாமல் நுண்மண்ணுக்குள் பதிந்து, அடுக்கே இல்லாமல் கிடந்தால் கல்மண் பாய்வு. இடைப்பட்டதும் உண்டு: கன அளவில் 20 முதல் 40 விழுக்காடு திடப்பொருள் சேர்ந்த வெள்ளம். அதற்குச் 'செறிவண்டல் வெள்ளம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பட்டியலுக்கான வரைவு:

கல்மண் பாய்வு: நீரால் நிறைவுற்ற கல்லும் மண்ணும் ஒன்றாகக் கலந்து, செங்குத்தான ஓடை வழியே வேகமாகப் பாய்ந்து இறங்குவது, வழியில் பொருளை வாரிப் பெருகும், தோன்றிய இடத்திலிருந்து பல கிலோமீட்டர் செல்லக்கூடும்.

'பல கிலோமீட்டர்' என்பதை வரையறையிலிருந்து எடுக்கச் சொல்லாதீர்கள். பெருஞ்சரிவுக்கு மாற்றுச் சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் அப்படியே ஏற்றிவிடுகிறேன்.