வெடித்த கோது குழலைவிட்டு வரமாட்டேன் என்கிறது

வணக்கம். வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிறேன். பயிர்ப் பாதுகாப்புக்காக அனுமதிப்பத்திரத்துடன் ஒரு பழைய ஒற்றைக்குழல் 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கி வைத்திருக்கிறேன். நடுவில் மடிந்து திறக்கும் வகை. சென்ற ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, சுட்டபின் கோது, அதாவது தோட்டாவின் வெற்று உறை, வெளியே வருவதில்லை. கோதை வெளியே இழுக்கும் இழுப்பான் அதன் பித்தளை விளிம்பைப் பிடிக்கிறது, ஆனால் மயிரிழை நகர்ந்து நின்றுவிடுகிறது. முன்பக்கமாகக் கம்பி விட்டுத் தள்ளவேண்டியிருக்கிறது. அதற்குள் பன்றி அடுத்த பாத்தியையும் உழுதுவிடும்.

முதலில் தோட்டாவைத்தான் சந்தேகித்தேன். காகிதக் கோது ஈரத்தில் ஊதும். பிளாஸ்டிக் கோதுக்கு மாறியும் அதே கதை. நீளத்திலும் பிழையில்லை. குழலில் 70 மில்லிமீற்றர் என்று பொறித்திருக்கிறது, தோட்டாவும் அதுவே. மண்ணெண்ணெய், பித்தளைத் தூரிகை, எண்ணெய் எல்லாம் போட்டாயிற்று. சுடாத தோட்டா வழுக்கிக்கொண்டு வருகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் தோட்டா உட்காரும் அறையின் சுவரில், அடிப்பக்கமாக, அம்மைத் தழும்புபோல் துருக்குழிகள் தெரிகின்றன. வெடிக்கும்போது விரியும் கோது அங்கேதான் கவ்விக்கொள்கிறது என்று நினைக்கிறேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க எனக்குத் துணிவில்லை.

பழைய கோதுகளில் வீட்டிலேயே வெடிமருந்து நிரப்பச் சொல்பவர்களும், சிறிய கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கச் சொல்பவர்களும் தயவுசெய்து விலகியிருங்கள். முதலாவது கையைப் பறிக்கும். இரண்டாவதால் பன்றியை என்ன செய்ய?

பதுளைக்கும் கண்டிக்கும் இடையில், இந்த அறையைச் சீர்செய்யத் தெரிந்த, அனுமதி பெற்ற துப்பாக்கித் திருத்துநர் எங்கே இருக்கிறார்?