பாடாங் பெசாரில் இறங்கி ஹட்யாய்க்கு வேன்: போய்வந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கோலாலம்பூரிலிருந்து தென் தாய்லாந்து நகரமான ஹட்யாய்க்குப் போகிறோம். எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை இடிஎஸ் மின்சார ரயில், பிறகு வேன். அங்கிருந்து தாய்லாந்து ரயிலும் உண்டு. ஆனால் அது தவறினால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் புறப்படும் அழகுக்கு அது சரிப்படாது.

என் கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். முழங்கால் வலி. படி என்றால் கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி நின்ற பிறகே அடுத்ததில் கால் வைப்பார். சக்கர நாற்காலி என்று சொன்னாலோ கோபம் வந்துவிடும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் இன்னும் தடுமாறுவார்.

இரு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளும் ரயில் நிலையத்துக்குள்ளேயே இருக்கின்றன. வேனில் போகிறவர்களும் அங்கேயே முத்திரை பெறலாமா, அல்லது சாலை வழிச் சோதனைச் சாவடிக்குத்தான் போக வேண்டுமா? அப்படியானால் வேனைவிட்டு எல்லோரும் இறங்கி நடக்க வேண்டுமா, எவ்வளவு தூரம்? இதற்கு வேன்காரர்கள் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். அண்மையில் வயதானவர்களை அழைத்துப் போன அண்ணன்மார், அக்காமார் யாராவது சொன்னால் பேருதவி.

தாய்லாந்துக்கான டிஜிட்டல் வருகை அட்டையைப் புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நானே எல்லோருக்கும் நிரப்பிவிடுவேன். தாய்லாந்து நேரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதை வேன்காரரிடமும் சொல்லியாயிற்று. நம்பகமான, தாழ்வான படியுள்ள வேன் வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.