பாட்டிலின் அடி மட்டும் வட்டமாகக் கழன்று வருகிறது, ஏன்?

ஓட்டிக்காரன் (கடலூர்):

வணக்கம். கடலூர் ஓட்டியில் (ஓல்டு டவுன்) எங்கள் வீட்டிலேயே அம்மாவும் சித்தியும் இறால் ஊறுகாய், மாங்காய்த் தொக்கு போடுகிறார்கள். விற்பது, பில் போடுவது, திட்டு வாங்குவது எல்லாம் நான். போன வாரம் புதுச்சேரியில் ஒரு மொத்தக் கடையில் 200 கிராம் பாட்டில் 2 பெட்டி எடுத்து வந்தேன். தொக்கை அடுப்பிலிருந்து இறக்கிச் சூட்டோடு ஊற்றியதில் 48ல் 5 போய்விட்டது. நொறுங்கவில்லை, அதுதான் விசேஷம். தூக்கினால் அடி மட்டும் வில்லை மாதிரி மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறது, மிச்சப் பாட்டில் கையோடு வருகிறது, தொக்கு முழுக்க கிரானைட் மேடையில். கடைக்காரரைக் கேட்டால் "சூடா ஊத்தினா அப்படித்தான் தம்பி" என்று முடித்துக்கொண்டார்.

எனக்குச் சந்தேகம் விடவில்லை. உடையாத பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தால் எல்லாவற்றிலும் அடியில் ஒரு மெல்லிய வட்டக்கோடு இருக்கிறது, அதுவும் நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஓரமாக. வீட்டில் கிடந்த பழைய நன்னாரி சர்பத் பாட்டிலை வெயிலில் பிடித்துப் பார்த்தேன், அதன் உடம்பில் வயிற்று மடிப்பு மாதிரி சுற்றிலும் ஒரு அலை ஓடுகிறது. இதெல்லாம் டேமேஜா? கண்ணாடிப் பாட்டிலை வார்க்கிறார்களா, ஊதுகிறார்களா? இன்னொன்று, சிரிக்காதீர்கள், எங்கள் ஊறுகாய்க்கென்று தனி வடிவத்தில் ஒரு 1000 பாட்டில் செய்து வாங்க வழி உண்டா?

பழைய_ஷிப்ட்:

தம்பி, பாட்டில் கம்பெனியில் உலைப் பக்கம் 14 வருஷம் நின்றவன், அதனால் நீளமாகத்தான் எழுதுவேன். நீங்கள் பார்த்த வட்டமும் அலையும் டேமேஜ் இல்லை. அந்தப் பாட்டில் பிறந்த விதம் அப்படி.

மணல், சோடா ஆஷ், சுண்ணாம்புக்கல், கூடவே உடைந்த பாட்டில் (நாங்கள் கல்லெட் என்போம்), எல்லாம் சேர்ந்து உலையில் 1500 டிகிரி பக்கம் உருகுகிறது. ஐஸ் உருகுகிற மாதிரி இந்த டிகிரியில் உருகும், இந்த டிகிரியில் உறையும் என்று கண்ணாடிக்கு ஒரு கணக்கே கிடையாது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும், சூடு மாற மாறப் பதம் மாறிக்கொண்டே இருக்கும், வேண்டிய பதத்தில் பிடித்தால்தான் உண்டு. பாட்டிலுக்கு வேண்டிய பதம் சுமார் 1100 டிகிரி. அந்தப் பதத்தில் ஒரு துவாரம் வழியாகக் கண்ணாடி கீழே இறங்கும்போது கத்திரி வந்து வெட்டும், ஆரஞ்சு நிறத்தில் தடித்த வெள்ளரிப்பிஞ்சு மாதிரி ஒரு துண்டு விழும். அதன் பெயர் காப். காப் என்ன எடையோ அதுதான் பாட்டில் எடை, அதனால் அந்தக் கத்திரியையும் சூட்டையும்தான் ஷிப்ட் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்போம்.

காப் ஓடையில் சறுக்கி முதல் அச்சுக்குள் விழும். இங்கேதான் வேடிக்கை, பாட்டில் தலைகீழாகப் பிறக்கிறது. வாயும் மரையும்தான் முதலில், அச்சின் கீழ்ப்பக்கத்தில் உருவாகும். உங்கள் ஊறுகாய்ப் பாட்டில் மாதிரி வாய் அகலமானது என்றால் கீழிருந்து ஒரு இரும்புத் தண்டு ஏறிக் கண்ணாடியை அழுத்திக் குழி பண்ணும். சர்பத் பாட்டில் மாதிரி கழுத்து குறுகலானது என்றால் பெரும்பாலும் காற்றுதான். முதலில் மேலிருந்து ஊதிக் கண்ணாடியைக் கழுத்துப் பக்கம் இறக்குவார்கள், அப்புறம் கீழிருந்து ஊதிக் குழியாக்குவார்கள். எப்படியானாலும் கிடைப்பது குட்டையாக, தடியாக ஒரு அரைப் பாட்டில், பாரிசன் என்போம். ஒரு கை அதைக் கழுத்தில் பிடித்து அரை வட்டம் சுழற்றி நிமிர்த்தி இரண்டாவது அச்சில் வைக்கும். அங்கே ஓரிரு நொடி சும்மா விட வேண்டும். முதல் அச்சின் இரும்பு பட்டு மேல்தோல் ஆறியிருக்கும், உள்ளே இருக்கும் சூடு வெளியே வந்து தோலை மறுபடி இளக்கும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு ஊதினால் ஒரு பக்கம் மெலிந்த பாட்டில்தான். இளகியதும் ஒரே ஊது, அச்சு முழுக்க ஒட்டிக்கொள்ளும். இடுக்கி வந்து எடுத்து வெளியே வைக்கும். காப் விழுந்ததிலிருந்து இது வரை பத்துப் பன்னிரண்டு நொடிதான். 1920களில் அமெரிக்காவில் வந்த ஐஎஸ் மெஷின் (இண்டிவிஜுவல் செக்‌ஷன், தனித்தனிப் பகுதிகளாக ஓடுவது) இது, இன்றைக்கும் உலகத்துப் பாட்டிலில் முக்கால்வாசி இதில்தான் வருகிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இப்போது உங்கள் வட்டக்கோடு. தலைகீழ் அச்சின் மேல்வாயை ஒரு மூடி அடைக்கும், அதன் விளிம்பின் தடம்தான் அது. அங்கே மூடி பட்ட இடம் பிற்பாடு பாட்டிலின் அடியாகிறது, ஊதும்போது கொஞ்சம் நகர்ந்து ஓரமாகிவிடும். சர்பத் பாட்டில் அலையும் அதே குடும்பம்தான். முதல் ஊதலில் அச்சை முன்னாடியே தொட்ட கண்ணாடி அதிகம் ஆறிவிடும், பின்னாடி தொட்டது சூடாக இருக்கும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் தடிமன் மாறுவது அலையாகத் தெரியும். அச்சுக் கண்காணிப்பு சரியாக இருந்தால் குறையும், ஒழியாது.

தனி வடிவம் கேட்டீர்கள். உலை ஒருமுறை ஏற்றினால் பத்து வருஷத்துக்கு மேல் அணைக்க மாட்டார்கள். தீபாவளியா, பொங்கலா, உருகிக்கொண்டேதான் இருக்கும். மெஷின் நிமிஷத்துக்கு நூறு பாட்டில் போட்டால்கூட உங்கள் ஆயிரத்தை 10 நிமிஷத்தில் துப்பிவிடும். ஆனால் ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஜோடி ஜோடியாக வார்ப்பிரும்பு அச்சு வேண்டும், அதை மாட்டி, சூடு பிடித்து, எடை சரி பண்ணவே பாதி ஷிப்ட் போகும். அந்த நேரத்தில் வருகிற பாட்டிலெல்லாம் நேராக மறுபடி உலைக்கு. ஆயிரத்துக்கு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். கடையில் கிடைக்கும் வடிவத்தை வாங்கி, மூடியிலும் லேபிளிலும் உங்கள் கைவண்ணத்தைக் காட்டுங்கள்.

உடைந்ததுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். பாட்டில் வெளியே வந்ததும் லேர் என்ற நீள அடுப்பில் போகும், 550 டிகிரி பக்கத்தில் ஏற்றி நிதானமாக இறக்குவார்கள். அங்கே அவசரப்பட்டால் கண்ணாடிக்குள் இழுவை தங்கிவிடும், சும்மா இருந்தாலே ஒருநாள் விரிசல் விடும். இரண்டாவது நீங்கள். சாதாரண பாட்டிலைக் கம்பெனியில் சோதிப்பதே 40 டிகிரி சொச்சம் வித்தியாசத்தில்தான். எண்ணெய் கொதிக்கும் தொக்கு 100 டிகிரிக்கு மேல், கீழே ஈர கிரானைட். அடி தடிமனாக இருப்பதால் உள்பக்கம் விரியும், வெளிப்பக்கம் விரியாது, அடியும் சுவரும் சேரும் மூலையில் வட்டமாகக் கிழிந்துவிடும். வில்லை மாதிரி என்று நீங்கள் சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

லேர் தப்பா என்று வீட்டிலேயே பார்க்கலாம். லேப்டாப்பில் முழு வெள்ளைத் திரை வையுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸை அதன் முன் பிடித்துத் திரை கருப்பாகும் வரை திருப்புங்கள். இரண்டுக்கும் நடுவில் காலி பாட்டிலை நீட்டுங்கள். ஒரே இருட்டாக இருந்தால் நல்லது, அடி மூலையில் பளீரென்று பட்டை தெரிந்தால் அதைத் தனியாக வைத்துவிடுங்கள்.

நெல்லித்தோப்பு_கண்ணாடிக்கடை:

ஐயா சொன்ன இழுவை விஷயத்தைத்தான் எங்கள் தொழிலில் வேண்டுமென்றே பண்ணுகிறோம். டஃபன் கண்ணாடி என்பது 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி இரண்டு பக்கமும் வேகமாகக் காற்றடித்து ஆற வைத்தது. மேல்தோல் முதலில் இறுகும், உள்ளே பிற்பாடு சுருங்கும்போது தோலை உள்பக்கம் இழுக்கும், அதனால்தான் அவ்வளவு பலம். இந்த இழுவை சீராக இருக்கும், லேரில் தப்பிப்போனது தாறுமாறாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மாதம் ஒருத்தராவது டீப்பாய்க் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து "அரை அங்குலம் மட்டும் சீவிக் கொடுங்க" என்பார். டஃபன் பண்ணிய பிறகு வைரக் கட்டர் வைத்தால் முழுசும் கற்கண்டு மாதிரி கொட்டும், வெட்டுவது எல்லாம் முன்னாடியே முடிக்க வேண்டும் என்று சொன்னால் நான் வேலை தெரியாதவன் ஆகிவிடுவேன்.

ஜன்னல் கண்ணாடிக்கு அச்சே கிடையாது, தெரியுமா? உருகிய ஈயம் மாதிரி இருக்கும், ஆனால் ஈயம் இல்லை, வெள்ளீயம், அதாவது டின். அந்தக் குளத்தின் மேல் கண்ணாடியை மிதக்க விட்டு இழுப்பார்கள். திரவத்தின் மேல் திரவம், அதனால் இரண்டு பக்கமும் தானாகவே வழவழப்பு. 1000 டிகிரிக்கு மேல் உள்ளே போய், 600க்குத் தூக்க முடிகிற இறுக்கத்தில் வெளியே வரும். இங்கிலாந்தில் அலஸ்டர் பில்கிங்டன் 1950களில் பாடுபட்டு 1959ல் அறிவித்த முறை. அதற்கு முன்னால் நல்ல கண்ணாடி வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் தேய்த்துத் தேய்த்துப் பாலிஷ் போட வேண்டும். நமக்கு ஸ்ரீபெரும்புதூரிலேயே இது நடக்கிறது. தானாக விட்டால் 6, 7 மில்லி தடிமனில் நிற்கும், மெல்லியதாக வேண்டுமென்றால் வேகமாக இழுக்க வேண்டும்.

ஓட்டிக்காரன் (கடலூர்):

ஐயா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி, ஒரே மூச்சில் படித்தேன். அப்போது டீக்கடை கிளாஸும் ஊதுவதுதானா? அப்புறம் சின்ன வயசிலிருந்து மண்டையைக் குடைகிற கேள்வி, சோடா பாட்டிலுக்குள் கோலி எப்படிப் போனது?

பழைய_ஷிப்ட்:

வரி வரியாக இருக்குமே, அந்த டீ கிளாஸ் அழுத்துவது, ஊதுவதில்லை. அச்சுக்குள் காப் விழும், தண்டு இறங்கி ஒரே அழுத்து. வெளியே அச்சின் கோடு, உள்ளே தண்டின் வழவழப்பு. இறங்கிய தண்டு வெளியே வர வேண்டும் இல்லையா, அதனால் அழுத்திச் செய்த சாமானில் வாயைவிட வயிறு பெரிதாக இருக்கவே முடியாது. இனிமேல் கையில் எடுக்கும் கிளாஸையெல்லாம் இந்தக் கணக்கில் பாருங்கள்.

கோலி கதை சுலபம். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872ல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. கழுத்தை முதலில் அகலமாக விட்டு, கோலியைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் வாய்ப் பக்கத்தைச் சூடாக்கி ஒடுக்குவார்கள். கழுத்தில் இரண்டு கிள்ளல் இருக்கும் பாருங்கள், குடிக்கும்போது கோலி உருண்டு வந்து அடைக்காமல் தாங்குவதற்கு.

அரியாங்குப்பம்_வாசி:

கண்ணாடி என்றால் எங்கள் ஊரை விட்டுவிட்டால் எப்படி. அந்தக் காலத்துத் துறைமுகமான அரிக்கமேடு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மழை விட்ட மறுநாள் தோப்பில் மணி மணியாகக் கிடக்கும் என்று பாட்டி சொல்வார் (இப்போது தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிற இடம், யாரும் கிளம்பிவிடாதீர்கள்). 1945ல் வீலர் என்ற தொல்லியல் அறிஞர் தோண்டியதில் ரோமானியப் பானை ஓடுகள்தான் பேச்சாகிப்போச்சு, எனக்கென்னவோ அந்தக் கடுகளவு கண்ணாடி மணிதான் பெரிசு. ஒவ்வொரு மணியாகச் செய்ததில்லை அது. உருகிய கண்ணாடியை இரும்புக் குழலில் கூம்பாகச் சுற்றி, நடுவில் காற்று நிற்க, முனையைப் பிடித்து நீளமாக இழுப்பார்கள், மெல்லிய குழாய் வரும். அதைப் பொடிப்பொடியாக வெட்டிச் சாம்பலோடு புரட்டிச் சூடாக்கினால் வெட்டுமுனை மழுங்கி மணியாகும், சாம்பல் இருப்பதால் ஓட்டை அடைபடாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே உள்ள காற்றுக்குமிழி ஓட்டையின் திசையிலேயே நீண்டிருக்கும், இழுத்தது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறையில் நம் காலத்திலும் செய்தார்கள். நான் மருந்துக் கம்பெனியில் இருக்கிறேன், ஊசி மருந்து ஆம்பூல் எல்லாம் இழுத்த குழாயில் செய்வதுதான். சுழலும் உருளையின் மேல் கண்ணாடியை வழியவிட்டு நடுவில் காற்றை ஊதிக்கொண்டே மெஷின் இழுக்கிறது, யோசனை என்னவோ அதேதான்.

கெட்டிச்சட்னி:

பேசாமல் பிளாஸ்டிக்கில் போடு தம்பி.

ஓட்டிக்காரன் (கடலூர்):

கெட்டிச்சட்னி அண்ணே, சித்தி காதில் விழுந்தால் எனக்குச் சோறு கிடையாது.

ஐயா சொன்ன மாதிரி ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு மாமாவின் கூலிங் கிளாஸும் லேப்டாப்புமாக உட்கார்ந்தேன். மிச்சமிருந்த 43ல் 40 இருட்டாகவே இருந்தது. 3ல் மட்டும் அடி மூலையைச் சுற்றி வெள்ளையாக, ஓரத்தில் லேசாக மஞ்சளும் நீலமுமாக ஒரு பட்டை, அமாவாசையில் அலை நுனி மினுங்குமே அது மாதிரி. மூன்றுமே இரண்டாவது பெட்டி. சரி என்று அந்த 3ஐ ஒதுக்கிவிட்டு, மிச்ச 40ஐ வெந்நீரில் முக்கி வடித்து, மேடையில் பழைய மணைப்பலகையைப் போட்டு, தொக்கு 85 டிகிரிக்கு வரும் வரை அம்மாவைப் பிடித்துவைத்து ஊற்றினோம். ஒன்றுகூடப் போகவில்லை. கடைக்காரர் சொன்னது பாதி சரி, மீதி பாதிக்கு 3 பாட்டிலையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை புதுச்சேரி போகிறேன்.