ஈக்கும் இறாலுக்கும் ஒரு நகரத்தின் தண்ணீரா? மோனோ ஏரி விவாதம்

குழாயடி: கலிபோர்னியாவின் மோனோ ஏரியை, வற்றாமல் காப்பாற்றிய வெற்றிக்கதை என்று ஆளுக்கு ஆள் கொண்டாடுகிறீர்கள். அதில் மீன் கிடையாது. தண்ணீரை வாயில் வைக்க முடியாது. இருப்பது உப்பு இறாலும் ஈயும். 1941 முதல் அதன் ஓடைகளைத் திருப்பித்தான் லாஸ் ஏஞ்சலஸ் குடித்தது. 30 ஆண்டுகளாக அந்த நகரத்தில் வாழ்கிறேன். எங்கள் குழாயை மூடி ஈக்கு வாழ்வு தருவது என்ன நியாயம்?

நாரைப்பித்தன்: அந்த ஈயையும் இறாலையும் நம்பித்தான் லட்சக்கணக்கான வலசைப் பறவைகள் அங்கே இறங்குகின்றன. மோனோவுக்கு வடிகால் இல்லை. ஓடைகள் கொண்டுவரும் உப்பு தங்கிவிடும். வெயில் எடுத்துப்போவது நீரை மட்டும். வரத்து குறைந்ததும் 1982க்குள் நீர்மட்டம் 45 அடி இறங்கியது, நீரின் உப்புச்செறிவு இரட்டிப்பானது. 1979இல் ஏரிக்குள் இருந்த நெகிட் தீவு கரையோடு ஒட்டிக்கொள்ள, ஓநாய் இனத்தைச் சேர்ந்த கொயோட்டுகள் நடந்தே போய்க் கடற்காகங்களின் கூடுகளைச் சூறையாடின. 1976 கோடையில் மாணவர்கள் சிலர் கரையில் முகாமிட்டு ஆராய்ந்ததில்தான் ஏரியின் கதி வெளியே தெரிந்தது. அவர்களில் ஒருவரான டேவிட் கெயின்ஸ் உள்ளிட்டோர் 1978இல் மோனோ ஏரிக் குழுவைத் தொடங்கினார்கள்.

குழாயடி: ஆராய்ந்தால் தண்ணீர் வந்துவிடுமா? இங்கே விட்டதை நகரம் வேறொரு நதியில் உறிஞ்சும். பாவம் இடம் மாறும், அவ்வளவுதான்.

வழக்காடி: நீதிமன்றத்தை மறந்துவிட்டீர்களே. ஏரி மக்களின் பொது நம்பிக்கைச் சொத்து, அதாவது மக்களுக்காக அரசு காக்க வேண்டியது, அதற்கு நேரும் கேட்டைக் கணக்கில் கொள்ளாமல் நீரைத் திருப்பக் கூடாது என்று 1983இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் சொன்னது. பியாஸ் ஆற்றங்கரை தொடர்பான கமல்நாத் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டியது.

நாரைப்பித்தன்: வேறு நதி பற்றிய கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் குழுவினர் நகரத்துக்கே போய், நீர் குறைவாகச் செலவாகும் கழிப்பறைத் தொட்டிகளை வீடுகளில் மாற்றும் வேலையில் உள்ளூர் அமைப்புகளோடு கைகோத்தார்கள். மக்கள்தொகை பெருகியும் நகரத்தின் மொத்த நீர்ச்செலவு 1970ஐவிடக் குறைவு.

குழாயடி: எங்கள் வீட்டுப் பழைய தொட்டியும் அப்படித்தான் போனது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 6,392 அடிக்கு உயர வேண்டும் என்று 1994இல் மாநில நீர் வாரியம் இலக்கு வைத்தது. 20 ஆண்டில் எட்டிவிடும் என்றார்கள். 30 கடந்தும் எட்டவில்லை. இதற்குப் பெயர் வெற்றியா?

நாரைப்பித்தன்: ஏன் எட்டவில்லை? மட்டம் 6,380 அடியைத் தொட்டாலே நகரம் ஆண்டுக்கு 16,000 ஏக்கர் அடி, நம் கணக்கில் சுமார் 0.7 டி.எம்.சி., எடுத்துக்கொள்ளலாம் என்று அதே உத்தரவு சொல்கிறது. மழை ஆண்டில் ஏறியது அடுத்த வறட்சியில் இறங்கிவிடுகிறது.

குழாயடி: வெறும் 0.7 தானே? அதற்கா இத்தனை பேச்சு?

நாரைப்பித்தன்: வெறும் 0.7 என்றால் விட்டுக்கொடுத்துவிடுங்களேன்.