பொடி விதைகளைச் சமமாகத் தூவுவது: உங்கள் பக்குவம் என்ன?

திருச்சியிலிருந்து:
வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடம் இருக்கிறது. காய்கறி ஓய்ந்ததும் மண்ணைத் தேற்றப் பலதானியம் விதைத்துவிடுவேன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன முறைதான்: தானியம், பயறு, எண்ணெய் வித்து, வாசனைப் பயிர், தழையுரச் செடி என்று வகைக்கு நான்கு. பூக்கிற பருவத்தில் மடக்கி மண்ணுக்குள் போட்டுவிட வேண்டும்.

தக்கைப்பூண்டு, தட்டைப்பயறெல்லாம் கைக்கு அடங்கும். எள், கடுகு, சாமைதான் சோதிக்கும். எள்ளைத் தனிப்பயிராகப் போட்டாலே ஏக்கருக்கு 2 கிலோ போதும். சென்ட்டுக்கு 20 கிராம். உள்ளங்கைக் குழியில் நின்றுவிடுகிற அந்த விதையை 435 சதுர அடிக்கும் பரப்ப வேண்டும். கலப்பில் இன்னும் குறைவு.

எல்லாவற்றையும் ஒரே பையில் கலந்து வீசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆமணக்கும் கடுகும் ஒன்றாகக் கிடந்தால், நடக்கிற குலுக்கலிலேயே கடுகு அடிக்குப் போய்விடும். ஒரு மூலையில் ஆமணக்கு, இன்னொரு மூலையில் கடுகு என்று முளைக்கும். அதனால் பெருவிதையை முதலில் வீசிக் கொத்திவிடுகிறேன். அடுத்து நடுத்தரம். பொடி விதை கடைசியாக, மேலோடு.

பொடி விதையோடு அதைப்போல நான்கு பங்கு மணல் சேர்க்கிறேன். சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த மணலாக இருக்க வேண்டும். ஈரம் இருந்தால் கட்டிகட்டியாக விழும். கலந்ததை இரண்டு பாகமாக்கி, ஒன்றைக் கிழக்கு மேற்காக நடந்தும் மற்றதைத் தெற்கு வடக்காக நடந்தும் தூவுகிறேன். எங்கள் செம்மண்ணில் மணல் விழுந்த தடம் வெளுப்பாகத் தெரிவதால், விட்டுப்போன இடம் உடனே கண்ணில் படும். மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

காங்கேயம் பக்கத்திலிருந்து:
அக்கா, நீங்க சொன்ன மணல் கலப்பு எங்க அப்பிச்சி காலத்துல இருந்தே எள்ளுக்கு உண்டுங்க. மூடுறதுக்கு மம்மட்டி எடுக்க மாட்டாங்க. வேலமுள்ளுக் கொப்பை வெட்டி, மேல ஒரு கல்லை வெச்சு இழுத்துட்டுப் போவாங்க. விதை ரெண்டு விரக்கடைக்குக் கீழ போகாது. வீட்டுத் தோட்டத்துக்கும் நான் அதேதான் பண்றேன், சின்னக் கொப்பே போதும்.

தழையுரத்துக்குக் கொளுஞ்சி போடறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அதுக்குத் தோல் கெட்டி. அப்படியே போட்டா முளைப்பு முன்னப்பின்ன வரும், நீங்க எவ்வளவு சமமாத் தூவுனாலும் திட்டுத்திட்டாத்தான் நிக்கும். 55 டிகிரி சுடுதண்ணியில ரெண்டு மூணு நிமிஷம் போட்டு எடுத்து, நிழல்ல நல்லா உலர்த்திட்டு அப்புறம் மணல்ல கலங்க.

சென்னை, மாடித்தோட்டம்:
அழகாகத் தூவிய விதையைக் குலைப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரை நேராகப் பாய்ச்சினால் கடுகும் சாமையும் தொட்டியின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். நனைத்த சாக்கைப் போர்த்தி, அதன்மேல் பூவாளியால் ஊற்றுங்கள். முளை தலைகாட்டிய அன்று மாலையே சாக்கை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் தண்டு வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும்.

எறும்புத் தொல்லை இருந்தால் ஓரத்தில் கொஞ்சம் ரவை தூவி வையுங்கள். அதைச் சுமக்கப் போய்விடும், விதைப் பக்கம் அவ்வளவாக வராது. மழை பெய்தால் ரவை ஊறிக் குழைந்துவிடும், மறுபடி தூவ வேண்டும்.