வாலாஜாவுக்குக் கிழக்கே ஒரு ரோடு, மேற்கே ஒரு ரோடு

ராணிப்பேட்டை லாரிக்காரன்:
இரண்டு லாரி வைத்து சென்னை துறைமுகத்துக்குத் தோல் சரக்கு ஏற்றுகிறேன். டீசல் போடும்போதே ரோட்டுக்கென்று செஸ் என்ற கூடுதல் வரி பிடிக்கிறார்கள், வண்டி வரி தனி, அப்புறம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வாலாஜா பக்கம் சென்னசமுத்திரத்தில் ஒரு டோல், ஸ்ரீபெரும்புதூரில் இன்னொன்று. நெடுஞ்சாலை போடுவது அரசாங்கத்தின் வேலை. தனியாரிடம் விட்டுவிட்டு எங்களிடம் மறுபடி ஏன் வாங்க வேண்டும்?

காட்பாடி சிவில்:
அண்ணே, அதே வண்டியை மேற்கே ஓட்டிப் பாருங்கள். வாலாஜாவிலிருந்து கிருஷ்ணகிரி வரை 148 கி.மீ. ஆறு வழி, தனியார் பணம் போட்டுக் கட்டி டோலில் திரும்ப எடுக்கும் முறைதான். பள்ளிகொண்டாவிலும் வாணியம்பாடியிலும் காசு போகிறது, சரி, ஆனால் ரோடு கெட்டால் வண்டி குறையும், வசூலும் குறையும் என்ற பயம் பணம் போட்டவருக்கு இருக்கிறது. அரசு பணத்தில் கட்டி, பில் பாஸானதும் கிளம்பிவிடும் ஒப்பந்தக்காரருக்கு அந்தப் பயம் ஏது?

ராணிப்பேட்டை லாரிக்காரன்:
தம்பி, கிழக்கே வாலாஜா–பூந்தமல்லி ஆறு வழியும் முதலில் அதே முறையில்தான் தனியாருக்குப் போனது. வேலை இழுத்தது, ஒப்பந்தம் ரத்தானது, பகுதி பகுதியாகப் பிரித்து மறுபடி டெண்டர் விட்டார்கள். அவ்வளவு காலமும் டோல் கொடுத்துக்கொண்டே இருந்தோம். 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு போடும் நிலை வந்தது. வசூல் குறையும் என்று நீங்கள் சொன்ன பயம் அங்கே ஏன் வேலை செய்யவில்லை? சென்னைக்கு வேறு நேர்வழி இல்லை, பள்ளமாக இருந்தாலும் நான் அதில்தான் போயாக வேண்டும்.

ஆற்காடு அக்கா:
லாரிக்கார அண்ணன் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் எல்லாவற்றையும் அரசே முன்பணம் போட்டுச் செய்வதென்றால் எத்தனை ரோடு முடியும்? புதிய பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையின் சில பகுதிகளில் செலவில் 40 சதவீதத்தை அரசு கட்டும்போதே கொடுக்கிறது, மீதியைக் கட்டியவருக்குத் தவணையாகத் தருகிறது, டோல் வசூல் அவர் கைக்குப் போகாது. பராமரிப்பும் அவர் பொறுப்பு. இது பரவாயில்லை இல்லையா?

காட்பாடி சிவில்:
அக்கா, அதில் வண்டி வராவிட்டால் நஷ்டம் அரசுக்கு, அதாவது நமக்கு. இருந்தாலும் நிலம் கைக்கு வராமல் வேலையைத் தொடங்கச் சொல்வதுதான் எந்த முறையையும் கெடுக்கிறது. கிழக்கே இழுத்ததில் அதற்கும் பங்கு உண்டு, எல்லாப் பழியையும் தனியார் மேல் போடாதீர்கள்.

ராணிப்பேட்டை லாரிக்காரன்:
போடவில்லை தம்பி. யார் கட்டினாலும் சரி, வேலை முடியாத கிலோமீட்டருக்குக் காசு வாங்கக்கூடாது, அதை ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். அதற்காக நான் கோர்ட் வரை காத்திருக்க முடியாது.